கைபடக் கற்பதும் தொலைவிலிருந்து கற்பதும்

கல்லூரிப் பாடங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். நூலைப் படித்தும் ஆசிரியர் சொல்லக் கேட்டும் அறியத்தக்கவை ஒரு வகை. கையால் செய்து பார்த்தாலன்றி விளங்காதவை மற்றொரு வகை. முதல் வகையைத் தொலைவிலிருந்தே கற்கலாம் என்பதை நம் நாடு வெகுகாலத்திற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. வரலாறும் பொருளாதாரமும் தபால் உறையில் வீடு தேடி வந்தன. ஆனால் இரசாயனமும் பௌதிகமும் உயிரியலும் அப்படி வரவில்லை. அவற்றைக் கற்க விரும்பியவர் ஆய்வுக்கூடத்தின் வாயிலுக்குத் தாமே வந்து சேர வேண்டும். வர இயலாதவர் வேறு பாடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே நெடுநாளைய வழக்கமாக இருந்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாக நாடு முழுவதும் ஆய்வுக்கூடங்கள் பூட்டப்பட்டன. செய்முறைப் பாடங்களை இணையத்தின் வழியாக நடத்தியாக வேண்டிய நிலை ஏற்பட்டது. எல்லோருக்கும் கதவு அடைபட்ட அந்த வேளையில்தான், சிலருக்கு அக்கதவு அதற்கு முன்பும் திறந்திருக்கவில்லை என்பது பலருடைய கவனத்திற்கு வந்தது. பார்வையற்ற மாணவர், உயரமான மேசையை எட்ட முடியாத சக்கர நாற்காலி மாணவர், ஆசிரியர் சொல்வதைச் செவியால் கேட்க இயலாதவர், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பவர், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய், தந்தையின் பிழைப்பை ஒட்டி மாநிலம் விட்டு மாநிலம் மாறிச் செல்லும் குடும்பத்துப் பிள்ளை ஆகிய இவர்கள் யாவரும் அவ்வரிசையில் நிற்பவர்கள். மும்பையிலும் தில்லியிலும் சூரத்திலும் வாழும் நம்மவரிற் பலருக்குக் கடைசியாகச் சொன்ன நிலைமை புதிதன்று.

ஆகவே, செய்முறைப் பாடத்தைத் தொலைவிலிருப்பவருக்கும் உடற்குறை உள்ளவருக்கும் எட்டும்படி செய்வது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

அதற்கு முன், செய்முறைப் பாடத்தில் மாணவன் உண்மையில் கற்பது என்ன என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். குழாயைத் திருகுவதும் குடுவையைக் குலுக்குவதும் மட்டுமே பாடம் என்றால், அது ஒரு வாரத்தில் பழகிவிடும். எதை அளப்பது, எத்தனை முறை அளப்பது, இரண்டு அளவுகள் மாறுபட்டால் எதை நம்புவது, பிழை எங்கே புகுந்தது என்று தானே முடிவு செய்யப் பழகுவதுதான் அப்பாடத்தின் உயிர்நிலை. இந்த முடிவு செய்யும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே பாடம் கற்கிறார்.

பெருந்தொற்றுக் காலத்தில் பல கல்லூரிகள் கையாண்ட முறையை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். ஆசிரியர் வெறுமையான ஆய்வுக்கூடத்தில் நின்று சோதனையைச் செய்தார். அது படம் பிடிக்கப்பட்டது. மாணவர்கள் அதைக் கைப்பேசியில் பார்த்து, அதில் வந்த எண்களைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர். அவசரத்திற்கு அது உதவிற்று, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அங்கே முடிவு செய்தவர் ஆசிரியர் ஒருவரே. அறுபது ஏடுகளிலும் ஒரே எண்தான் இருந்தது. பார்வையற்ற மாணவருக்கு அதுவும் கிட்டவில்லை. சமையலைத் திரையில் பார்த்துவிட்டுப் பசியாறியதாகக் கணக்கு எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

தொலைவிலிருந்தபடியே கைத்திறனைக் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு வானொலியின் பழைய அனுபவமே விடை தரும். 1956-ஆம் ஆண்டில் புனே வட்டாரத்தில் நூற்றைம்பது கிராமங்களில் வானொலி வேளாண் மன்றங்கள் அமைக்கப்பட்டன. யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு நடந்த முயற்சி அது. உழவர்கள் கூடி அமர்ந்து ஒலிபரப்பைக் கேட்டனர். கேட்டதும் கலைந்து போகாமல் விவாதித்தனர். தம் ஐயங்களை நிலையத்திற்குத் திருப்பி அனுப்பினர். அடுத்த பத்தாண்டில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பயிரிட்டனர். அவர்கள் அதற்கு இட்ட பெயரே ‘ரேடியோ நெல்’ என்பது. நாற்று விடுவதும் உரமிடுவதும் கைத்தொழில் அல்லாமல் வேறென்ன? அங்கே வயல் உழவரிடம் இருந்தது, கையும் அவருடையது, கூடிப் பேச அண்டை வீட்டாரும் இருந்தனர். வானொலி தந்தது சொல் மட்டுமே. மறுமுனையில் செய்வதற்குப் பொருளும் கலந்து பேசத் துணையும் இருந்ததால் அச்சொல் பயன்பட்டது. இன்றைய இணையவழி வகுப்பு கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் 1969-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. 1971-இல் அதன் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கியபோது, விஞ்ஞானம் பயின்றவர்களின் வீட்டிற்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. அதனுள் சோதனைக்கு வேண்டிய கருவிகள் இருந்தன. மக்ஆர்தர் என்பார் வகுத்த, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கியும் அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் அந்த நுண்ணோக்கி இன்னும் எளிமையாயிற்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ், தம் மாணவருடன் சேர்ந்து, காகிதத்தை மடித்தே செய்யக்கூடிய ‘போல்டுஸ்கோப்’ என்னும் நுண்ணோக்கியை 2014-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். பொருட்செலவு ஒரு டாலருக்கும் குறைவு. ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலின் உயிரணுக்களைக் காண இது போதுமானது. கீழே விழுந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் கருவியைத் தொடவிடாத ஆய்வுக்கூடங்கள் நம்மிடையே அநேகம்.

பெட்டி அனுப்பக் கல்லூரியிடம் பணம் இல்லையென்றால் வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்ய முடியாதா? முடியும். இரசாயனத்தில் ‘தரம் பார்த்தல்’ என்ற சோதனையை எடுத்துக்கொள்வோம். காரம் உள்ள குடுவையில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி, செலவான அமிலத்தின் அளவிலிருந்து அதன் செறிவைக் கணக்கிடுவது இச்சோதனை. ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பியூரெட்டும் பிப்பெட்டும் பினாப்தலீனும் வேண்டும்.

நம் வீடுகளில் சுப நாட்களில் ஆலத்தி கரைக்கிறோம் அன்றோ? மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது செந்நிறம் அடைகிறது. மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மீண்டும் மஞ்சளாகும். ஆகவே மஞ்சளே நிறங்காட்டி. வெற்றிலைச் சுண்ணாம்பை நிறைய நீரில் கலக்கி, இரவு முழுதும் மூடி வைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொண்டால் அது செறிவு தெரிந்த காரக் கரைசலாகிவிடுகிறது. ஏனெனில் சுண்ணாம்பு நீரில் ஓர் அளவுக்கு மேல் கரையாது. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கரையும். அதில் பத்து மில்லி லிட்டரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துச் சிட்டிகை மஞ்சள் இட வேண்டும். கடையில் விற்கும் வினிகரில் ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, ஊசி நீக்கிய பத்து மில்லி லிட்டர் சிரிஞ்சில் நிரப்பிக்கொண்டு, துளித்துளியாக விட வேண்டும். ஐந்து முதல் ஏழு மில்லி லிட்டர் செலவாகும்போது செந்நிறம் நீங்கி மஞ்சள் தோன்றும். மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்து, வினிகரின் செறிவைக் கணக்கிட்டு, சீசாவின் மேல் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிடலாம். சுண்ணாம்பு கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். கண்ணாடி அணிவது நலம்.

இச்சோதனையில் அறுபது மாணவருக்கும் அறுபது விடைகள் வரும். ஏன் வேறுபட்டன என்று வகுப்பில் பேசத் தொடங்கும்போதுதான் செய்முறைப் பாடம் நடக்கிறது. ஒருவர் சுண்ணாம்பு நீரைத் திறந்து வைத்திருப்பார். காற்றிலுள்ள கரியமில வாயு அதன் வலிமையைக் குறைத்திருக்கும். இன்னொருவர் சிரிஞ்சில் காற்றுக் குமிழியைக் கவனியாமல் விட்டிருப்பார். விலையுயர்ந்த கருவிகள் நிரம்பிய கூடத்தில் இத்தகைய பேச்சு எழுவது அரிது.

சரி, நிறத்தைக் காண இயலாதவர் என்ன செய்வார்? முழுப் பார்வையின்மை மட்டுமன்றி, சிவப்புக்கும் பச்சைக்கும் வேற்றுமை காண இயலாத நிறக்குருடும் ஆண்களிடையே அவ்வளவு அரியதன்று. இதற்கும் வழி உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலேயே, மணத்தால் அமில காரங்களைக் காட்டும் பொருள்கள் கூறப்பட்டுள்ளன. வெங்காயமும் வனிலாச் சாறும் வன்காரத்தில் தம் மணத்தை இழக்கின்றன, அமிலத்தில் இழப்பதில்லை. எனவே வனிலா கலந்த சுண்ணாம்பு நீரில் அமிலம் விட விட, ஒரு கட்டத்தில் மணம் மீளும். வினிகரின் சொந்த மணம் இதற்குக் குறுக்கே நிற்குமாதலால், மணமற்ற எலுமிச்சை உப்பின் கரைசலைப் பயன்படுத்துவது மேல். நிறத்தைப்போல் மணம் அத்துணைத் துல்லியமாகக் காட்டாதென்பதும் உண்மைதான். சிரிஞ்சின் தண்டில் மில்லி லிட்டருக்கு ஒரு வெட்டுக்குறி இட்டுவிட்டால் விரல் நுனியால் அளக்கலாம். துல்லியம் வேண்டுமாயின் அளவைக் குரலாகச் சொல்லும் கருவிகளும் வந்துள்ளன. அமெரிக்காவில் கேரி சுப்பாலோ என்ற பார்வையற்ற இரசாயன அறிஞர், வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் பேசிக் காட்டும் ஆய்வுக்கூடக் கருவி உருவாவதற்கு முன்னின்று உழைத்தார்.

பார்வையற்றவர் விஞ்ஞானம் பயில்வது இயலாத காரியம் என்று எண்ணி, பத்தாம் வகுப்புக்குப் பின் அவர்களைக் கலைப் பாடங்களுக்கே அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கீரத் வெர்மேய் என்பவர் மூன்று வயதில் பார்வையை இழந்தவர். சிப்பி, சங்கு முதலியவற்றை விரலால் தடவியே ஆராய்ந்து, அவற்றின் பரிணாமத்தைப் பற்றி உலகம் மதிக்கும் நூல்களை எழுதினார். மற்றவர்கள் கண்ணால் பார்த்துக் கடந்து சென்ற ஓட்டுத் தழும்புகளை அவர் விரல் கண்டுகொண்டது. நண்டு முதலியவை தாக்கிய அடையாளங்கள் அவை. இவருக்குச் செய்முறைப் பாடம் மறுக்கப்பட்டிருந்தால் நட்டம் அவருக்கு மட்டுமா?

இணையவழிச் செய்முறையில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு சிறு விஷயம் பேச்சுமுறை. ஆய்வுக்கூட ஆசிரியர், “இதோ, இதை எடுத்து இங்கே ஊற்றுங்கள், பாருங்கள், இப்படி ஆகிவிட்டது” என்கிறார். ‘இது’ எது, ‘இங்கே’ எங்கே, ‘இப்படி’ எப்படி என்பது திரையைக் காணாதவருக்கு விளங்காது. திரை மங்கலாக வரும் மலிவான கைப்பேசிக்காரருக்கும் விளங்காது. வானொலியில் பேசுகிறவர்களுக்கு இது முதல் நாள் கற்பிக்கப்படும் பாடம். நேயர் எதையும் காண்பதில்லை என்பதை மறந்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. “இடக்கையில் குடுவையைப் பற்றி, வலக்கையால் பத்துத் துளி விடுகிறேன்; செந்நிறக் கரைசல் ஓரங்களில் மஞ்சளாகத் தொடங்குகிறது” என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்குப் பணச்செலவு எதுவும் இல்லை. செவிப்புலன் குன்றியவருக்காக அதே சொற்களை எழுத்திலும் தந்துவிடலாம். பேசும்போது ஆசிரியர் முகம் திரையை நோக்கியிருந்தால் உதட்டசைவைப் படிப்பவர்க்கும் உதவும். சைகைமொழியில் விஞ்ஞானச் சொற்கள் பலவற்றிற்கு நிலைபெற்ற குறிகள் இன்னும் தேவைப்படுகின்றன. 2015-இல் அமைந்த இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் அகராதிப் பணியில் ஈடுபட்டுள்ளது.

எழுத்து வடிவத்திற்கு வேறொரு நன்மையும் உண்டு. ஒரு மணி நேரப் படக்காட்சிக்குச் செலவாகும் இணையத் தரவில் பல்லாயிரம் பக்க எழுத்து வந்து சேரும். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையின் கையோடு வேலைக்குப் போய்விடுகிறது என்ற நிலையில், குறித்த நேரத்தில் நேரலையில் தோன்றியே ஆக வேண்டும் என்று விதிப்பது அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துவதாகும். எழுதிய குறிப்பைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்னும் இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கிறது. ஆனால் ஆசிரியர் கையால் எழுதிய தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் அக்கருவிக்கு அது வெறும் படமே. ஒரு சொல்லும் வாசிக்காது. சட்டென்று செய்துவிடும் இச்சிறு செயலால் எத்தனையோ பேர் பாடத்தை இழக்கின்றனர்.

மெய்நிகர் ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு 2009-இல் தொடங்கிய தகவல்தொழில்நுட்ப வழித் தேசியக் கல்வி இயக்கத்தின் கீழ், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒருங்கிணைக்க, பல கழகங்கள் சேர்ந்து கணினித் திரையில் செய்யும் சோதனைகளை உருவாக்கியுள்ளன. யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘பெட்’ என்னும் தொகுப்பில், விசைப்பலகையாலேயே இயக்கத்தக்கனவும், மாற்றங்களை ஒலியால் உணர்த்துவனவுமான சோதனைகள் சில உள்ளன. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ‘பைபாக்ஸ்’ என்ற செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் உணர்கருவிகளையே ஆய்வுக்கூடமாக்குகிறது. கைப்பேசியை ஒரு மீட்டர் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டினால் அலைவு நேரம் இரண்டு விநாடியளவில் வரும். கயிற்றைக் கால் பங்காகக் குறைத்தால் நேரம் பாதியாகும். கயிறு நன்கு கட்டப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!

இவற்றுள் திரையில் மட்டும் நிகழும் சோதனையை நான் துணைக்கருவியாகவே கொள்வேன். அதில் குடுவை உடையாது, குமிழி நுழையாது, அளவு பிசகாது. ஆபத்தான சோதனைக்கும், விரல்கள் ஒத்துழைக்காத மாணவருக்கும், நேரில் செய்வதற்கு முன் ஒத்திகைக்கும் அது மிக உகந்தது. மெய்யான பொருளின் முரண்டு வேறெங்கேனும் கிடைக்கவும் வேண்டும்.

கையை அசைக்க இயலாத மாணவருக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்துவது உண்டு. அங்கும் முன் கூறிய உரைகல்லே பொருந்தும். எவ்வளவு ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்று மாணவர் கட்டளையிட, உதவியாளர் கையாக மட்டும் இருந்தால் சோதனை மாணவருடையது. உதவியாளர் தாமே செய்துவிட்டு விடையைச் சொன்னால் அது மாணவருடையது அன்று. தேர்வில் மதிப்பெண் தருவோர் இந்த வேறுபாட்டை வரையறுத்து எழுதி வைத்தால் மாணவரும் தேர்வாளரும் தடுமாற வேண்டியதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே உள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறும் நிலையங்களிலும் ஐந்து சதவீதத்திற்குக் குறையாத இடங்களை ஒதுக்குமாறு விதிக்கிறது. ‘நியாயமான ஏற்பாடு’ செய்து தருவது சலுகையன்று, சமத்துவத்தின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் விகாஸ் குமார் வழக்கில் வலியுறுத்திற்று. ஆகவே கல்லூரியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்பது நல்லது; செய்முறைக் குறிப்புகள் திரைவாசிப்பானுக்கு ஏற்றபடி கிடைக்குமா, நேரலையைத் தவறவிட்டவர் பின்னர் செய்து காட்டலாமா, நேரில் வர வேண்டிய நாட்கள் எத்தனை, அவை தொடர்ச்சியாக வருமா, வேறு மாநிலத்திற்கு மாறினால் அங்குள்ள மையத்தில் செய்ய அனுமதி உண்டா என்பனவற்றை. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம் விஞ்ஞானப் பாடங்களின் செய்முறைப் பகுதியைக் கல்வி மையங்களில் நேரில் நடத்தும் முறையைக் கொண்டது. நாடெங்கும் மையங்கள் இருப்பதால், இடம் பெயரும் குடும்பத்தார் கடைசிக் கேள்வியை அங்கே கேட்பது பயன் தரும்.

எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கற்றுவிடலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். நோயாளியின் நரம்பில் ஊசி ஏற்றுவதையும் கடைசல் இயந்திரத்தை ஓட்டுவதையும் மேற்பார்வையோடு நேரில்தான் பழக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2020-ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறைகளின்படி, பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், பல் மருத்துவம், கட்டடக்கலை, வேளாண்மை முதலிய பட்டப் படிப்புகளைத் தொலைநிலையிலோ முழுதும் இணையவழியிலோ நடத்த அனுமதி இல்லை. இவற்றில் வீட்டிலிருந்தபடியே பட்டம் தருவதாக விளம்பரம் கண்டால், பணம் கட்டுவதற்கு முன் அக்குழுவின் அங்கீகாரப் பட்டியலில் அந்நிறுவனத்தின் பெயரும், சேர விரும்பும் படிப்பின் பெயரும், இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.